அடைத்தது பெல்சி இல்லை

காரைக்குடி,
12.5.1994

அன்புள்ள அத்தானுக்கு,

மஸ்கட்டிலிருந்து உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நம் பிள்ளை பெல்சியைத் திட்டி எழுதியிருந்தீர்கள். கோடைமழையன்று அவள் முற்றத்தில் தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்ததால்தான் வீட்டுக்குள் வெள்ளம் ஏறி, உங்கள் தங்கை சூசைமேரியின் கல்யாணப் பட்டு பாழானது என்று நம்பிவிட்டீர்கள்.

அடைத்தது நான்.

வெயிலில் வாடிக் கிடந்த பிள்ளைக்கு நீச்சல் பழக்குகிறேன் என்று என் பழைய பாவாடையைச் சுருட்டி அடைத்தேன். இருவரும் கூத்தடித்தோம். பிறகு மாடிக்குத் துணி எடுக்கப் போனவள், மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

இறங்கி வந்தால் சூசைமேரி நனைந்த பெட்டியோடு நிற்கிறாள்.

"மதினி, யாரு பாத்த வேலை இது? படிச்சவுக இருக்கிற வீடா இது?"

அதைக் கேட்டதும் எனக்கு உண்மை வாயில் வரவில்லை. "ஏன்டி பெல்சி, நீயா அடைச்ச?" என்றேன்.

பிள்ளை என்னையே பார்த்தாள். "ஆமாம்மா" என்றாள். போதாதென்று நானே அவள் முதுகில் ஒன்று வைத்தேன்.

வருகிற ஞாயிறு கோயிலில் அவளுக்கு முதல் நன்மை. அதற்கு முன் சனிக்கிழமை, செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனம். இன்று சடை பின்னும்போது கேட்கிறாள்: "அம்மா, நான் செய்யாததையும் சாமியார்ட்ட சொல்லணுமா?"

"வேண்டாம்டி, அதை நான் சொல்லிக்கிறேன்" என்றேன்.

இந்தக் கடிதத்தை ஒட்டியதும் சூசைமேரியிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன். நீங்கள் பெல்சிக்கு முதலில் எழுதுங்கள். எனக்கு மெதுவாக எழுதினால் போதும்.

தலைகுனிவுடன்,
உங்கள் மனைவி