முப்பத்தோராம் நாளில் முட்டைப் படம்

இன்று காலை அந்த வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தோய்த்து அயர்ன் பண்ணினேன். மேல் ஓரத்தில் ஊசி குத்திய ஓட்டைகள் நான்கு. கீழே யாரோ கை துடைத்த சாம்பார் மஞ்சள், இரண்டு தரம் தோய்த்தும் போகவில்லை. இருக்கட்டும். உமக்காக நான் கட்டிய திரை அது. அதைக் கட்டியதற்காக உம்முடைய அண்ணை இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அதுவும் இருக்கட்டும்.

அகதிகளாக வந்த புதிதில் நாங்கள் இரண்டு பெண்களும் இருபத்திரண்டாம் மாடியில் அலுவலகம் துப்புரவாக்கிய காலம் நினைவிருக்கிறதா? கண்ணாடிச் சுவர்ப் பக்கம் போனாலே எனக்குத் தலை சுற்றும். "நீர் மேசையைத் துடையும், கண்ணாடி என்ரை" என்று துணியைப் பறித்துக்கொண்டு போவீர். உமக்கும் கால் நடுங்கும் என்பது கனகாலம் எனக்குத் தெரியாது.

ஒருநாள் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு வீடியோ கசற்றை எங்கள் மனோர் பார்க் அறைக்குக் கொண்டுவந்தீர். ஊமைப்படம். "இதிலை ஆரும் இங்கிலிசு கதைக்கமாட்டினம். நிம்மதியாப் பாக்கலாம்" என்றீர். தொப்பி போட்ட ஒரு மெலிந்த மனிதன், கூடை நிறைய முட்டையோடு, தவறான லிஃப்டில் ஏறிவிடுகிறான். கதவு திறந்தால் கட்டி முடியாத கட்டடத்தின் உச்சி. வெறும் இரும்புச் சட்டங்கள். கீழே தெருவில் கார்கள் எறும்பு மாதிரி. வழுக்குகிறான், ஒற்றைக் கையில் தொங்குகிறான், மற்றக் கையில் கூடை. ஒவ்வொரு முட்டையாகப் போகிறது. அவன் போகவில்லை.

நான் கண்ணைப் பொத்திக்கொண்டு, "உவனுக்குப் பயமே இல்லையோ?" என்று கேட்டேன். "வடிவாப் பாரும். அவன் பயந்து பயந்துதான் நடக்கிறான். ஆனா நடக்கிறான்" என்றீர்.

உம்முடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்துக் கடிதம் வந்த மத்தியானமும் அதே படத்தைத்தான் போடச் சொன்னீர். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்தான் அழுதேன். நீர் விழுந்து விழுந்து சிரித்தீர். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உமக்கென்ன விசரோ?" என்று கத்தினேன். "அழுதா விசா தருவினமோ? திருப்பி அனுப்பினா அனுப்பட்டும். அதுவரைக்கும் நான் சிரிப்பன்" என்றீர். மேன்முறையீட்டில் வென்று விசா கைக்கு வர ஐந்து வருடம் எடுத்தது. அதற்குள் அந்தக் கசற் தேய்ந்து, படத்தில் மழை பெய்யத் தொடங்கியிருந்தது.

கன வருடம் கழித்து ஆஸ்பத்திரிக் கட்டில். குரல் அடங்கிப் போயிருந்தது, வாய் அடங்கவில்லை. என் கையைப் பிடித்துச் சொன்னீர்: "நான் செத்த முப்பத்தோராம் நாள் சடங்குக்கு அந்தப் படத்தைப் போடும். ஐயோ பாவம் எண்டு சொல்லிச் சொல்லி ஒருத்தரும் என்ரை வீட்டு வடையைத் தின்னக்கூடாது." ஓம் என்றேன். ஓம் என்று சொல்வது சுகம்.

நீர் கண்ணை மூடிய பிறகு, மோர்டனில் உம்முடைய அண்ணையிடம் போய்க் கேட்டேன். மேசையில் அந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் அச்சாகி வந்திருந்தது. உம்முடைய படம், தேவாரம், வம்ச வரலாறு எல்லாம் இருந்தன. நீர்தான் அதில் இல்லை. "பொறுமையின் சிகரம்" என்று எழுதியிருந்தார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அவர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "துக்க வீட்டிலை சிரிப்புப் படமோ? அதுவும் சைவச் சாப்பாடு போடுற நாளிலை முட்டை? சனம் என்ன சொல்லும்?" என்றார். இரங்கல் உரைப் பட்டியலில் என் பெயர் நாலாவதாக இருந்ததைப் பார்த்து வைத்தேன்.

முப்பத்தோராம் நாளன்று மண்டபத்தில் பேச என் முறை வந்தது. பையிலிருந்து விரிப்பை எடுத்துத் மேடைத் திரைச்சீலையில் ஊசியால் குத்தினேன். ஒரு ஊசி விரலில் ஏறியது. இணையத்தில் தேடி எடுத்த படத்தை என் மகள் புரொஜெக்டரில் போட்டாள். அண்ணை எழும்பினார். "நிப்பாட்டு பிள்ளை" என்றார். "அவ கேட்டவ அண்ணை. நான் நிப்பாட்டமாட்டன்" என்றேன். என் வாழ்க்கையில் ஒரு பெரியவருக்கு நேரே நின்று மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல்.

முதல் மூன்று முட்டைக்கும் எல்லாரும் அண்ணையின் முகத்தைத்தான் பார்த்தார்கள். நாலாவது முட்டை கீழே தெருவில் நின்ற காவல்காரனின் தொப்பியில் விழுந்தபோது, முன் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு மாமி பக்கென்று சிரித்தா. பிறகு மண்டபத்தைப் பிடிக்க முடியவில்லை. சிரித்தவர்களே பிறகு என்னைத் திட்டவும் செய்தார்கள். இரண்டு வீட்டுக் கொண்டாட்டங்களுக்கு எனக்கு அழைப்பும் வரவில்லை. வராமல் போகட்டும்.

அண்ணை சிரிக்கவில்லை. வெளியே போனார். ஆனால் வாசற்படியைத் தாண்டவில்லை, அங்கேயே நின்று கடைசிவரை பார்த்தார். போகும்போது என்னைப் பார்க்காமல் கேட்டார்: "விசா மறுத்த அண்டைக்கும் இதையோ பாத்தவள்?" ஓம் என்றேன். "எனக்குச் சொல்லேல்லை" என்றார். அவ்வளவுதான்.

விரிப்பை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டேன், ஊசிகளோடு. என் முப்பத்தோராம் நாளுக்கு இதைத்தான் கட்ட வேண்டும் என்று மகளிடம் சொன்னேன். "ஓகே அம்மா. ஆனா உங்கட ஆக்கள் என்னைக் கொல்லுவினம்" என்றாள். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். "ஓம்" என்றாள்.

"பயந்து பயந்து கட்டு" என்றேன்.