கேட்டுவிட்டுக் காத்திருத்தல்

தம்பிக்கு,

மனநல வகுப்பில் இன்று நோயாளியிடம் பேசிப் பழகும் பயிற்சி. தோழிதான் நோயாளியாக நடித்தாள். "தூக்கம் வருதா?" என்று கேட்டேன். அவள் ஜன்னல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் தண்ணீர்போல் தரையில் அசைந்தது. "அசதியா இருக்கும், சரியாயிடும்" என்று நானே சொல்லிவிட்டேன்.

"கேள்வியும் நீயே, பதிலும் நீயேன்னா அவங்க எதுக்கு?" என்றார் வகுப்பெடுத்த டாக்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு அந்த நாற்காலியில் நீ உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. போன வருஷம் வீட்டுக்கு வந்தவர்கள் உன்னிடம் நலம் விசாரித்தபோதெல்லாம், "அவனுக்கென்ன, ராஜா மாதிரி இருக்கான்" என்று நானே சொல்லிவிட்டேன். நீயும் ஜன்னல் திரையையே பார்த்தாய்.

ஞாயிறு மனநல வார்டில் உன்னைப் பார்க்க வருகிறேன். "எப்படிடா இருக்கே?" என்று ஒருமுறைதான் கேட்பேன். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தாலும், நீ வாய் திறக்கும்வரை நான் திறக்க மாட்டேன்.

உன் வாயாடி அக்கா