விற்பனைக்கு இல்லை என்று எழுதிய சுவர்

அகேகெ, லாகோஸ்
ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்த பிறகு

அன்பு மகன் துரோதிமிக்கு அம்மா எழுதுவது. எனக்கு முழங்கால் வலி ஒன்றைத் தவிர வேறு குறையில்லை, அதுவும் பழகிப்போய் வீட்டு ஆள் மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பனியில் நீயும் உன் மனைவியும் சின்னவளும் சுகமாக இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் அதே முழங்காலை மடித்துத்தான் கேட்டுவிட்டு வந்தேன். இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் "அம்மா, வேலைக்கு நேரமாச்சு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய், அந்த அப்புறம் வருவதே இல்லை. காகிதம் குறுக்கே பேசாது. போதகர் மகள் அடுத்த வாரம் உங்கள் ஊர் கால்கரிக்கு வருகிறாள், அவள் கையில் இதையும் மரவள்ளி மாவு இரண்டு பொட்டலமும் புகைபோட்ட மீனும் கொடுத்தனுப்புகிறேன். மீனைத் திறந்தவுடன் சாப்பிட்டுவிடு, ஃபிரிட்ஜில் வைத்து மறந்துவிடாதே. இனி கெட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் எனக்கே மூச்சு முட்டுகிறது. நம் வீடு விற்றாகிவிட்டது. இந்த மாதக் கடைசியோடு நான் காலி செய்ய வேண்டும், உன் அப்பாவும் காலி செய்ய வேண்டும்.

உன் அப்பா இந்த இடத்தை வாங்கியபோது, தண்டவாளத்தை ஒட்டி மனை வாங்குகிறவன் ஒன்று செவிடன் இல்லையென்றால் கிறுக்கன் என்று அவருடைய கூட்டாளிகள் சிரித்தார்கள். சரக்கு வண்டி போனால் அலமாரியில் தட்டுகள் குதிக்கும், ஊர்க் குப்பையெல்லாம் நம் பின்சுவரில்தான் வந்து சாயும், அந்த நாற்றத்துக்குப் பயந்துதான் விலை அவ்வளவு மலிவு. புது ரயில் வரப்போகிறது, நிலையம் நம் தெருவிலிருந்து கூப்பிடு தூரம் என்றதும் அதே நாற்றத்துக்கு மணம் வந்துவிட்டது. யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னே என்பார்கள், இங்கே ரயில் வரும் பின்னே, வாடகை வரும் முன்னே. ஒரு வண்டிகூட ஓடாத காலத்திலேயே நம் எதிர்வீட்டு ரிசிகத் அம்மா தான் வாடகைக்கு விடும் ஒற்றை அறைக்கு இரட்டை வாடகை கேட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "நாலு நிமிஷத்துல ஸ்டேஷன், அந்த நாலு நிமிஷத்துக்குத்தான் துட்டு" என்றாள், அந்த அறைக்கு ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. எனக்கு ரயில் என்ன கொடுத்தது தெரியுமா, தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் ஆள் உயரச் சுவர். அந்தப் பக்கத்துப் பட்டறை ஆட்களெல்லாம் காலையில் தண்டவாளம் தாண்டி வந்து என் சட்டியிலிருந்து சுடச்சுட அகாரா வாங்கித் தின்பவர்கள், இப்போது அவர்கள் மேம்பாலம் ஏறிச் சுற்றி வரவேண்டும், ஒரு பயறு வடைக்காக யார் பாலம் ஏறுவார்கள். நிலம் ஏறியது, என் சட்டி இறங்கியது, அவ்வளவுதான்.

பிறகு அந்தப் பக்கத்துத் தெருவில் ஒரு குடும்பம் சாவு வீட்டுக்கு ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் யாரோ ஒருவன் தன்னைச் சொந்தக்காரன் என்று சொல்லி அவர்கள் வீட்டை விற்றுவிட்டான், வாங்கியவன் கதவுக்குப் பூட்டுகூட மாற்றிவிட்டான். அதைக் கேட்டதும் தெருவே நடுங்கிப்போய்ப் பெயின்டர் முசிலியுவைத் தேடி ஓடியது. வீட்டுக்கு வீடு சிவப்பில் அதே வாசகம், இந்த வீடு விற்பனைக்கு இல்லை, ஏமாறாதீர். நான் உன்னிடம் போனில் கேட்டேன், நினைவிருக்கிறதா. நீ சிரித்தாய். "எழுதும்மா, நல்லா பெரிசா எழுது, பின்சுவத்துல எழுது, ரயில்ல போறவன் கண்ணுல படட்டும்" என்றாய். நானும் முசிலியுவைப் பின்சுவருக்கே கூட்டிப்போனேன். அவன் ஏணியில் நின்றுகொண்டு, "துரோ அம்மா, கீழ யார் நம்பரைப் போடட்டும்" என்று கேட்டான். எல்லா வீட்டிலும் நம்பர் போடுகிறார்கள், சந்தேகம் இருப்பவன் குடும்பத் தலைவனைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று. மூத்தாள் மகன் அகின்லோயே கல்லு மாதிரி இருக்கும்போது இளையாள் நான் என் நம்பரைப் போட்டால் ஊர் என்ன சொல்லும். தலைமகன் நம்பரைத்தான் போடச் சொன்னேன். அகின்லோயே வந்து பார்த்துவிட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டான், "சின்னம்மா, நீங்கதான் எனக்கு மரியாதை தெரிஞ்சவங்க" என்று மால்ட் பானம் ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்தான். அந்த மால்ட் இன்னும் என் தொண்டையில் நிற்கிறது.

ரயில் விட்ட புதிதில் ஒரே ஒரு தடவை நான் ஏறினேன். ஓயிங்போவிலிருந்து திரும்பி வரும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன், குளிர்சாதனம் முதுகில் அடித்தது, நிலையம் வருவதற்குச் சற்று முன்னே நம் பின்சுவர் வந்தது. ஒரு தும்மல் போடும் நேரம்தான், ஆனால் எவ்வளவு பெரிய எழுத்து, எவ்வளவு சிவப்பு, எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் இஸ்திரிச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார், அவரிடம் "அதுதாம்பா என் வீடு" என்றேன். "நல்லா எழுதியிருக்காங்கம்மா, நம்பர் என்ன, கடைசி ரெண்டு எண் கண்ணுல படலையே" என்றார். நானே சொன்னேன், துரோதிமி, என் வாயாலேயே சொன்னேன். நம் வீட்டைப் பற்றி நல்லவிதமாக யாராவது கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது. அவர் புரோக்கர் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் மட்டுமா, அந்த ரயிலில் புரோக்கர்கள் வேலையே அதுதானாம், காலையில் ஏறி மாலை வரை இப்படியும் அப்படியும் போய்வந்து சுவர்களைப் படிப்பார்களாம். விற்பனைக்கு இல்லை என்று எழுதியிருந்தால் என்ன அர்த்தம் தெரியுமா அவர்களுக்கு, உள்ளே விற்கத் துடிக்கிறவன் ஒருவன் இருக்கிறான், இல்லாவிட்டால் எதற்கு எழுதப்போகிறார்கள் என்று. நம் வீட்டில் அப்படி ஒருவனும் இல்லை. நான் எழுதிய பிறகுதான் உண்டானான். நுணலும் தன் வாயால் கெடும், நான் சுவராலும் கெட்டேன், வாயாலும் கெட்டேன்.

அகின்லோயேயை மட்டும் திட்டாதே, அவனைத் திட்ட எனக்கே மனசு வரவில்லை. அவன் ஓட்டுகிற மஞ்சள் மினிபஸ்ஸில் முன்பு ஆள் தொங்கிக்கொண்டு வருவார்கள், ரயில் வந்த பிறகு ஏறுவது ஈ மட்டும்தான். முதலில் வந்த போன்களுக்கெல்லாம் "சுவத்துல என்ன எழுதியிருக்குன்னு படிக்கத் தெரியாதா உனக்கு, பள்ளிக்கூடம் போகலையா" என்று நடுரோட்டில் வண்டியை நிறுத்திக் கத்துவானாம். ஒரு நாளைக்கு ஏழு போன், எட்டுப் போன், ஒவ்வொருத்தனும் முந்தினவனைவிடக் கூடுதலாகச் சொல்கிறான், வண்டியில் ஆளும் இல்லை, எத்தனை நாள்தான் ஒருவன் கத்துவான். ஒரு நாள் கத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் எவ்வளவு என்று கேட்டான். வீட்டை விற்கப்போவதைச் சொல்ல வந்தபோது முதலில் நெஞ்சு தரையில் பட நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் சொன்னான். "சின்னம்மா, மன்னிச்சிடுங்க, அப்பா நம்மகிட்ட விட்டுட்டுப் போனது வீடில்ல, ஸ்டேஷன்" என்றான். விழுந்து கிடக்கிறவனை எங்கே அடிப்பது. எழுந்திரு என்றுதான் சொன்னேன்.

குடும்பக் கூட்டம் போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை நம் முன்னறையில் நடந்தது. நான்தான் சமைத்தேன். என் வீட்டை விற்கக் கூடியவர்களுக்கு மிளகாய் அரைத்துச் சோறு பொங்கி, கோழி பொரித்து, வாழைப்பழம் பொரித்து, கை கழுவத் தண்ணீரும் நானே கொண்டுபோய் வைத்தேன். உன் சித்தப்பா ஒரு வாய் போட்டுக்கொண்டு, "துரோ அம்மா, உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார். "உப்பு விலை ஏறலைங்க, நிலம்தான் ஏறிப்போச்சு, அதான் தாராளமா போட்டுட்டேன்" என்றேன். சிரித்தார்கள். நான் ஒரு சொல் பேசலாமா என்று கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. "பெண்டாட்டிக்குப் பங்கு இல்லைன்னு உனக்குத் தெரியாததா, பிள்ளைக்குத்தான் பங்கு, உன் வயித்துப் பிள்ளை சம்மதிக்காம இங்க ஒரு செங்கல்லும் அசையாது" என்று உன் சித்தப்பா சொன்னார். அப்போது எனக்கு உயிர் வந்தது, பொய் சொல்லமாட்டேன். என் பிள்ளை சம்மதிக்கமாட்டான், அவன் சொல்லித்தானே சுவரில் எழுதினேன் என்று நினைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றேன். அகின்லோயே என் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தை மேசையில் விரித்தான். உன் கையெழுத்து இருந்தது. உன் பெயருக்குக் கீழே எலி வால் மாதிரி ஒரு கோடு இழுப்பாயே, அதற்காகப் பள்ளியில் அடிகூட வாங்கினாயே, அந்த வால் அப்படியே இருந்தது. நாளும் போட்டிருந்தது. நீ எனக்குப் போன் செய்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்தாயா என்று கேட்ட அதே நாள். நான் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் அழுதேன், குடம் நிறைந்துதான் இருந்தது.

எதற்காகப் போட்டாய் என்று கேட்கமாட்டேன், அகின்லோயே சொல்லிவிட்டான். அங்கே வீடு வாங்கப்போகிறாயாம், அதுவும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலாம், அங்கேயும் அதுதான் விலை ஏறுமாம். வாங்கு, நல்ல வீடாகப் பார்த்து வாங்கு, சின்னவளுக்கு ஓட இடம் இருக்கட்டும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. சொல்லியிருந்தால் நான் வேண்டாம் என்றிருப்பேன், நீ கேட்டிருக்கமாட்டாய், ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

உன் அப்பாவை வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை எடுக்கிறார்கள். வாங்கியவர் நாலு மாடி கட்டப்போகிறார், வாசலில் சமாதி இருந்தால் யாரும் குடிவர மாட்டார்கள் என்று தன்மையாகத்தான் சொன்னார். உன் அப்பா இறப்பதற்கு முன்னே தானே நின்று அந்த இடத்துக்கு வெள்ளை ஓடு பதிக்கச் சொன்னார், இரண்டு ஆள் அகலத்துக்கு. பாதி எனக்கு. தினமும் காலையில் அவர் பாதியைத் துடைக்கும்போது என் பாதியையும் துடைத்துவிட்டுத்தான் சட்டியை அடுப்பில் ஏற்றுவேன். இப்போது அவரை இஜெபுப் பக்கம் அவர் பிறந்த ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே அவரைப் பெற்றவர்களுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது, எனக்கு இல்லை, நான் அந்த ஊர்ப் பெண் இல்லை. புருஷன் வீடு இல்லையென்றால் பிள்ளை வீட்டு முற்றத்தில் தாயைப் புதைப்பதுதான் நம் வழக்கம், உன் முற்றம் கால்கரியில் இருக்கிறது, அந்தப் பனிக்கட்டியை யார் தோண்டுவது. மகன்கள் இல்லாமல் தகப்பனைத் தொடக்கூடாது, நீ வரமுடியுமா என்று கேட்கச் சொன்னேன். "அவன் போன்ல பாத்துக்குவான் சின்னம்மா, நான் படம் பிடிச்சுக் காட்டறேன்" என்று அகின்லோயே சொல்லிவிட்டான். சரி, பார். பார்க்கும்போது உட்கார்ந்திருக்காதே, எழுந்து நில்.

எங்கே போவாய் என்று நீ இன்னும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இதே தெருவில் ஒரு அறை பார்த்தேன், இரண்டு வருட வாடகை முன்பணமாம், அகாரா சுட்டு அதைக் கட்ட நான் இன்னொரு பிறவி எடுக்க வேண்டும். அடுத்த நிலையத்துப் பக்கம் போனேன், அங்கேயும் அதே கதை, அதற்கடுத்த இடத்தில் நிலையம் வருமோ வராதோ என்று தெரியாமலேயே ஏற்றிவைத்திருக்கிறார்கள். கடைசியில் இஃபோவில் என் தங்கை மகள் தன் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் அறையைத் தருகிறேன் என்றாள். தண்டவாளத்துக்கு ரொம்ப தூரம், ஒரு சத்தம் கேட்காது. எனக்கு அங்கே தூக்கம் வரும் என்று தோன்றவில்லை. சட்டியை ரிசிகத் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். அவளும் ஒரு வருடத்துக்குள் விற்றுவிடுவாள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

உனக்குப் போட்ட சாபம் எதுவும் என்னிடம் இல்லை, அந்தப் பயத்தோடு இருக்காதே. தாய் முதுகில் சுமந்த பிள்ளையைச் சபித்தால் அது அவள் முதுகிலேயே விழும். நீ வாங்கும் வீட்டில் விளக்கு அணையாமல் இருக்கட்டும், உன் கை கொடுக்கிற கையாகவே இருக்கட்டும், உன் மகள் உன்னிடம் சொல்லிவிட்டு எதையும் செய்கிறவளாக வளரட்டும், ஆமென்.

ஒன்றை நினைவில் வைத்துக்கொள். நேற்று முசிலியு மறுபடி ஏணியோடு வந்தான். வாங்கியவர் அனுப்பியிருக்கிறார். அழிக்கத்தான் வந்தான் என்று நினைத்தேன். வாசகத்தை ஒன்றும் செய்யவில்லை, இன்னும் கொஞ்சம் சிவப்பு ஏற்றினான், கீழே இருந்த அகின்லோயே நம்பரை வெள்ளையடித்துவிட்டு அவர் நம்பரைப் போட்டான், வேறு யாராவது விற்றுவிடுவார்கள் என்று அவருக்கும் பயம். மாடி எழும்பினாலும் பின்சுவரை இடிக்கமாட்டார்களாம். என்றைக்காவது நீ வந்தால், ரயிலில் அகேகெ வருவதற்குச் சற்று முன்னே இடது பக்கம் பார், பெரிய சிவப்பு எழுத்தில் இந்த வீடு விற்பனைக்கு இல்லை என்று இருக்கும். நம் வீடு என்று நினைத்து இறங்கிவிடாதே.

உன்னைச் சுமந்த அம்மா,
அயின்கே