கொட்டாங்குச்சியில் மிஞ்சிய குண்டு

இன்று காலை டிரங்குப் பெட்டியைக் குடைந்த மகள், அடியிலிருந்து பட்டாணி அளவு இரும்புக் குண்டு ஒன்றை எடுத்து வந்தாள். “இது இன்னாப்பா?” என்றாள். “சைக்கிள் குண்டும்மா” என்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பொய் எனக்குத் தடுக்காமல் வரும். உனக்குத் தெரியாததா?

என் பெரியப்பாவின் கார் ஞாபகம் இருக்கிறதா? வெள்ளைக்காரன் காலத்து வண்டி. கியர்பாக்ஸில் பல் உடைந்து, நெல் குடோனில் கோழி அடைகாக்கக் கிடந்தது. தன் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பு அந்தக் காரில்தான் என்று பெரியப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். மெட்ராஸ் பழைய இரும்புக் கடையிலிருந்து வேறொரு கியர்பாக்ஸ் வந்தது. அதைப் பிரித்துச் சரிபார்த்துப் பூட்ட, உத்திரமேரூரில் உன்னைவிட்டால் ஆளில்லை. நீ என்னை நைனா என்பாய். நான் உன்னை வாடா போடா என்பேன். அதற்குப் பெயர் நட்பு என்று நினைத்திருந்தேன்.

“எட்டாவது பட்ச்சவன் நீதான். சாமானை எண்ணிக் குடு நைனா” என்றாய். எட்டாவதில் நான் கணக்கில் வாங்கிய மார்க்கை நீ கேட்கவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றிய கொட்டாங்குச்சியில் குண்டுகளைக் கழுவி ஒவ்வொன்றாகத் தந்தேன். மூடியை முறுக்கிக்கொண்டே கேட்டாய்: “எல்லாம் பூட்ச்சா?”

கொட்டாங்குச்சியில் ஒன்று மிச்சமிருந்தது. சொன்னால் மறுபடி எல்லாவற்றையும் பிரிப்பாய். எனக்கோ வாலாஜாபாத் பஸ் வரும் நேரம். ஊர்வலத்துக்கான புதுச்சட்டை அங்கே தையல்காரரிடம் இருந்தது.

“போயாச்சுடா” என்றேன். குண்டை மடியில் செருகிக்கொண்டேன்.

இரண்டு கியர் ஒரே நேரத்தில் விழாமல் தடுக்கிற குண்டாம் அது. ஊர்வலத்தன்று கடைத்தெரு முனையில் வண்டியைப் பின்னுக்கு எடுத்துத் திருப்பும்போது இரண்டும் சேர்ந்து விழுந்தன. சக்கரம் இறுகி வண்டி நின்ற வேகத்தில் மாப்பிள்ளையின் தலைப்பாகை பறந்து மேளக்காரர் முதுகில் அடித்தது. ஊரே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாக நான் சிரித்தேன்.

பெரியப்பா சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றினார்.

“காலனிக்காரனைக் கார்ல கை வைக்க வுட்டேன் பாரு!” சொல்லுக்கு ஓர் அடி.

“பிரிச்சிப் பாத்துச் சொல்றேங்கய்யா” என்றாய். அதற்கும் ஓர் அடி. உன் ஸ்பேனர் பெட்டியை நீயே ஏரியில் போட வேண்டும் என்று தீர்ப்பானது.

நான் உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும்? “முட்டாப் பயலே” என்று ஒரு திட்டு. அவ்வளவுதான். அவர் வீட்டுப் பிள்ளை அல்லவா. சொல்லவில்லை. பெட்டி கனமாயிற்றே என்று ஒரு பக்கம் பிடித்தேன். அவ்வளவு பெரிய உபகாரி நான்.

ஏரிக்கரையில் கேட்டாய்: “குண்டு சரியா எண்ணினியா நைனா?”

“எண்ணினேனே.”

பெட்டியைத் தண்ணீரில் தள்ளிவிட்டாய். “புதுச் சட்டை நல்லா கீது” என்றாய்.

அதற்கப்புறம் நீ ஸ்பேனரைத் தொடவில்லை. பாலாற்றங்கரைச் செங்கல் சூளை, புகை, இருமல். போன வாரம் போய்விட்டாய்.

இன்று மத்தியானம் உன் மனைவி வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றாள்.

“காரியத்துக்குப் படையல் போடணுங்கய்யா. அது தொட்டு வேலை பண்ண சாமான் ஒண்ணாச்சும் வெக்கணும்னு கீது. உங்ககிட்ட எதுனா இருக்குமா?”

பைக்குள் குண்டை விரலால் உருட்டிக்கொண்டிருந்தேன்.

“இன்னாம்மா பண்றது,” என்றேன், “எல்லாத்தையும் அவனேதான் ஏரியில போட்டுட்டானே.”