நின்ற கப்பலும் காய்ந்த தோலும்

ரங்கூன், 1932 மாசி.

மகாராஜராஜஸ்ரீ நைனா அவர்கள் பாதத்தில் காசிநாதன் வணங்கி எழுதுவது. நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா என்று தங்கச்சியை எழுதச் சொல்லவும்.

பிரயாணிகள் குறைந்ததால் எட்டு மாதமாக ஆற்றில் நிறுத்திவைத்திருந்த எங்கள் கப்பலை நேற்று மறுபடி கிளப்பினார்கள். கொதிகலனுக்குத் தண்ணீர் ஏற்றும் கைப்பம்பு வெறும் காற்றை இழுத்தது. உள்ளே தோல் வாஷர் காய்ந்து வெடித்திருந்தது. கப்பலில் தனியாகக் காவல் இருந்தவன் நான்தான் என்பதால், என் கவனக்குறைவு என்று மேஸ்திரி கோதண்டம், வெள்ளைக்காரத் துரையிடம் சொல்லிவிட்டார்.

ஆம்பூரில் பதனிடும் தொட்டியில் தோல் மிதித்த எனக்கு, எண்ணெய் இல்லாவிட்டால் தோல் வெடிக்கும் என்று தெரியாதா? வாராவாரம் கப்பலைப் பார்க்க வந்த மேஸ்திரியிடம், வாஷருக்குத் தடவ விளக்கெண்ணெய் கேட்டேன். "இரும்புக்குத்தான் எண்ணெய். தோலுக்கு இன்னாத்துக்குடா? ஜாஸ்தி பேசாத" என்றார். அவரும் நம் ஊர் நாட்றம்பள்ளிக்காரர்தான், நைனா.

தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தால் வேலை நிலைக்குமாம். எழுதமாட்டேன். நீங்கள் கவலைப்படவேண்டாம்.

நான் விட்டுவந்த செருப்பு இரண்டு வருஷமாகப் பரணில் காய்ந்து கிடக்கும். நான் வந்தால் போட்டுக்கொள்ள, அதற்குக் கொஞ்சம் எண்ணெய் தடவி வையுங்கள். தபால்காரர் நிற்கிறார்.

உங்கள் மகன்,
காசிநாதன்