என் பெயருக்கு நீ கொடுத்த குரல்

என் உயிருக்கு உயிரான மச்சான் நாகலிங்கத்துக்கு,

நேற்று ஈப்போவில் நம் வகுப்புக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். ஆசிரியர் பயிற்சிக்கென்று பதினெட்டுப் பேர் சேர்ந்தோமே, பதினொரு பேர் வந்திருந்தோம். உனக்கும் ஒன்று அடித்து வைத்திருந்தார்கள். அதை வாங்கிக்கொள்ள உன் அம்மா கோப்பெங்கிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

நீ செத்துப்போனது அவருக்குத் தெரியாது. எனக்கு ஏழு மாதமாகத் தெரியும். அப்படியிருக்க, நாம் சேர்ந்து படித்த வருடங்களைப் பற்றிப் பேசச் சொல்லி கல்லூரி முதல்வர் என்னைத்தான் மேடைக்குக் கூப்பிட்டார். என் நேரத்தைப் பார்த்தாயா?

பேசினேன் மச்சான், நன்றாகவே பேசினேன். மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டே பாடம் நடத்திப் பழகியதைச் சொன்னேன். ஆங்கிலப் புத்தகங்களைக் கோழிக்கூண்டுக்கு அடியில் புதைத்ததைச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், உன் அம்மாவும் சிரித்தார். காலையில் பெயர் கூப்பிடுவதைப் பற்றி மட்டும் நான் வாயே திறக்கவில்லை. நம் பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அடுத்தவன் பெயருக்குக் குரல் கொடுப்பது வெள்ளைக்காரன் காலத்திலேயே உனக்குக் கைவந்த வேலை. தூங்கிப்போனவனுக்கெல்லாம் நீதான் ஆள். கோவிந்தன் என்றால் மூக்கால் பேசுவாய், எனக்கென்றால் கட்டைக் குரல். அது ஒரு விளையாட்டு, அவ்வளவுதான். ஜப்பான்காரன் வந்து கல்லூரியை அவன் மொழி சொல்லிக்கொடுக்கும் இடமாக மாற்றிய பிறகும் நாம் அந்தப் புத்தியை விடவில்லை. திடலில் கிழக்கே பார்த்துக் குனிந்து வணங்கிவிட்டு, பெயர் கூப்பிட்டால் உள்ளேன் என்பதற்கு அவன் மொழியில் "ஹாய்" என்று கத்த வேண்டும். ஓர் ஆள் குறைந்தால் வரிசைக்கே அடி விழும் என்பது தெரிந்திருந்தும் செய்தோம்.

சித்தியவான் பக்கம் எங்கள் தோட்டத்தில் சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடிக்கிறார்கள், பட்டியலில் அப்பா பெயரும் இருக்கிறது என்று சேதி வந்தபோது உன்னிடம்தான் ஓடி வந்தேன். விடுப்பு கேட்டால் ஏன், எதற்கு என்று தோண்டுவார்கள்.

"நாலு நாள்தான் மச்சான். அப்பாவ எங்கயாச்சும் மறைச்சு வச்சிட்டு வந்துடுறேன்."

"போய்ட்டு வாலா. ஒன் பேருக்கு நான் சத்தம் கொடுத்துக்கிறேன். அந்த ஜப்பான் வாத்தியாரு தலைய நிமிர்த்தியா பாக்குறாரு?"

நாலு நாள் ஒன்பது நாளாகிவிட்டது. சதுப்புக் காட்டுக்குள் ஒரு மீனவர் குடிசையில் அப்பாவைக் கொண்டுபோய் விட்டேன், அங்கே அவருக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. உன்னை நான் நினைக்கக்கூட இல்லை, அதுதான் உண்மை. நீ பார்த்துக்கொள்வாய் என்று இருந்துவிட்டேன்.

பத்தாம் நாள் ஈப்போவில் பஸ்ஸை விட்டு இறங்கினால், நம் வகுப்புப் பையன் ஒருவன் என்னைக் கடைச் சந்துக்குள் இழுத்துக்கொண்டு போனான். "இந்தப் பக்கம் வராதே. நீ நேத்தே சயாமுக்குப் போயாச்சு," என்றான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு சொன்னான். லாரி வந்திருக்கிறது. ரயில் வேலை நடக்கும் இடத்தில் மொழிபெயர்க்க ஆறு பேர் வேண்டுமென்று பெயர் வாசித்திருக்கிறார்கள். நாலாவது பெயர் பொன்னுசாமி, என் பெயர்.

அத்தனை நாளாக அந்தப் பெயருக்கு எந்தப் பக்கமிருந்து குரல் வந்ததோ, அந்தப் பக்கம் அன்றைக்கு வாத்தியார் நிமிர்ந்து பார்த்தாராம். நீ குரல் கொடுத்துவிட்டு லாரியில் ஏறிவிட்டாயாம். இல்லை என்றிருந்தால் வரிசையே அடி வாங்கியிருக்கும், தோட்டத்து விலாசத்தைப் பார்த்து என்னையும் அப்பாவையும் தேடி வந்திருப்பார்கள். அதையெல்லாம் நினைத்துத்தான் "ஹாய்" என்றாயா? இல்லை, பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டதா? இதைக் கேட்காமல் எனக்கு ஒரு நாளும் விடிவதில்லை மச்சான்.

நான் திரும்பிப்போய் ஒளிந்துகொண்டேன். ஜப்பான்காரன் போகும்வரை வெளியே தலைகாட்டவில்லை.

இங்கே பையன்கள் இன்னொன்றும் செய்தார்கள். உன்னைக் காணோம் என்று தெரிந்தால் குட்டு உடையுமே, அதனால் கல்லூரியை மூடும்வரை தினமும் ஒருவன் மாற்றி ஒருவன் உன் பெயருக்கு "ஹாய்" சொன்னார்கள். தேர்வை எல்லாம் நாம் ஜப்பான் சண்டைக்கு முன்பே எழுதிவிட்டோம், வருகை நாட்கள்தான் பாக்கி. பதிவேட்டைப் பார்த்தால் நீ ஒரு நாள் தவறாமல் வந்திருக்கிறாய். சான்றிதழ் வந்தது அப்படித்தான்.

உன்னோடு லாரியில் போன கோவிந்தன் ஏழு மாதத்துக்கு முன் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தான். மழைக்காலத்தில் வாந்திபேதி வந்து நீ மூன்றே நாளில் போய்விட்டாய் என்று அவன்தான் சொன்னான். உன் அம்மாவிடம் யார் சொல்வது என்று பேச்சு வந்தது. "ஒன் பேருல போனவன். நீதான் சொல்லணும்," என்று எல்லாரும் ஒதுங்கிக்கொண்டார்கள். சரிதானே, வேறு யார் சொல்வது?

போனேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை போனேன். நீ எங்கோ ஒளிந்திருக்கிறாய் என்று முன்பு பையன்கள் சொன்னதையே அவர் பிடித்துக்கொண்டிருந்தார். சயாமில் செத்தவர்கள் என்று ஒட்டிய தாளை யாரையோ வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். உன் பெயர் இல்லை, என் பெயர்தான் இருந்தது. "செத்தவன்னு ஒன்னையப் போட்டிருக்கானுவ, நீ குத்துக்கல்லாட்டம் எதிர்ல நிக்கிற. இவனுவ லட்சணம் இதுதான்," என்று சிரித்துக்கொண்டே எனக்குக் கஞ்சி ஊற்றினார். குடித்துவிட்டு வந்தேன். கோழை மச்சான் நான்.

நேற்று விழா முடிந்து பஸ்ஸுக்காகக் கடை ஓரமாக நின்றோம். அவர் சான்றிதழை விரித்து என் முன்னே நீட்டினார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுப்பா. இதுல அவன் பேரு எங்க இருக்கு? வெரல வச்சுக் காட்டு."

விரல் வைத்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை, அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பஸ் வந்தது, போனது. அவர் அழவில்லை. தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு கேட்டார்.

"அங்க அவன என்னான்னு கூப்பிட்டாங்க?"

"பொன்னுசாமின்னுதான்மா."

"கோவிந்தனுமா?"

"யாரு காதுலயாச்சும் விழுந்தா ரெண்டு பேருக்கும் ஆபத்துன்னு, அவனும் அப்படித்தான் கூப்பிட்டானாம்."

"அப்போ சாகுறப்பகூட எம்புள்ளைய அவன் பேரச் சொல்லி ஒருத்தரும் கூப்பிடல."

நான் காலில் விழப் போனேன். தோளைப் பிடித்துத் தடுத்துவிட்டார். "ஒன்ன மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரல. வருமான்னும் தெரியல. பொய் சொல்ல மாட்டேன்," என்றார். அடுத்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகச் சொன்னார்:

"ஞாயித்துக்கெழம ஆத்தங்கரைக்கு வந்துரு. காரியம் பண்ண எனக்கு வேற புள்ள இல்ல. அவன் ஒனக்கு மூத்தவன்தானே. நீ நின்னு பண்ணு."

நாளை ஞாயிற்றுக்கிழமை. கோவிந்தனும் மற்ற ஒன்பது பேரும் வருகிறார்கள். இனி யார் காதில் விழுந்தாலும் நமக்குப் பயமில்லை. காரியம் செய்துவைக்கும் பண்டாரம் பெயர் கேட்டதும், மாரிமுத்து மகன் நாகலிங்கம் என்று அக்கரைக்குக் கேட்கும்படி சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுவேன். நான் இருக்கும்வரை வருடா வருடம் விடுவேன். உன் அம்மா என்னை மன்னித்தாலும் சரி, மன்னிக்காவிட்டாலும் சரி.

உன் தம்பி,
பொன்னுசாமி