முழங்காலுக்குக் கீழே

தோழி,

வரவேற்பறை முழுக்க வார்னிஷ் வாடை. உன் குதிரைகளுக்குப் புதுச் சட்டம் போட்டு, என் மேசைக்கு நேர் மேலே திரும்பவும் மாட்டியிருக்கிறார்கள். இன்று விருந்தாளிகள் வரும் நாள், அதுதான் இந்த அக்கறை. நீ இருமிக்கொண்டே லீவு கேட்டு நின்ற நாட்களில் இதில் பாதி இருந்திருக்கலாம்.

ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு செக்‌ஷனும் தன் இடத்தை அலங்கரிக்கும். அந்த வருடம் பெயிண்ட் ஷாப்பில் நீ வாழைமரம் கட்டியதோடு நிற்கவில்லை. கழித்துப்போட்ட தகரத்தில், மிஞ்சிய பெயிண்டால் மூன்று குதிரைகள் வரைந்தாய். முகம் கிடையாது, கழுத்தும் பிடரியும் வெறும் சிவப்புக் கோடுகள். பின்னால் வானமா தரையா என்று தெரியாத சாம்பல் வெளி. முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

மேனேஜர் பூரித்துப்போனார். "என்ன ஸ்பீடு பாருங்க! கால் கண்ணுக்கே தெரியல. நம்ம கம்பெனி மாதிரி." அன்றே படம் வரவேற்பறைச் சுவருக்கு வந்துவிட்டது.

கேன்டீனில் அதைச் சொன்னபோது நீ சிரித்தாய், இருமல் வரும்வரை.

"ஓடுதா? இன்னாடி பேசுற! அதுங்க எங்க ஊரு முனீஸ்வரன் கோயில் மண்குதிரைங்க. இந்தக் கம்பெனி கட்டசொல்லோ லாரி லாரியா மண்ணு கொட்டி மேடாக்குனாங்கோ இல்ல? முழங்காலு வரைக்கும் மூடிக்கினு நின்னுச்சுங்க. எங்க நைனா பாத்துக்கினே நின்னாரு. மறுநாள் தலைகூடத் தெரியல."

அப்புறம், "அடியில எம்பேரு மட்டும் எழுத சொல்லுடி" என்றாய். மேனேஜரிடம் போய்க் கேட்டேன். "கான்ட்ராக்ட் ஆள் பேரெல்லாம் சுவத்துல வரக்கூடாதும்மா" என்றார்.

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பார்கள். நீ நம்பியது மண்குதிரையை அல்ல, இந்தக் கம்பெனியை. நீ செத்தபோது மாலைகூடக் கான்ட்ராக்டர் பொறுப்பு என்று கைகழுவினார்கள்.

இன்று வந்தவர்களில் ஓர் அம்மாள் படத்தின் முன் நின்றுவிட்டார். "யார் வரைஞ்சது?"

"மெட்ராஸ்ல ஒரு ஆர்ட்டிஸ்ட்" என்று மேனேஜர் முந்திக்கொண்டார்.

"இவ்வளவு வேகமா எங்க ஓடுது?"

நான் எழுந்தேன். "ஓடலைங்க. புதைஞ்சுக்கினு இருக்குது" என்றேன். உன் பெயரைச் சொன்னேன். உன் நைனா பெயரைச் சொன்னேன். நாங்கள் நின்றிருந்த தரைக்கு முன்பு இருந்த ஊர்ப்பெயரையும் சொன்னேன்.

மேனேஜர் ரூமுக்கு வரச்சொல்லி ஆள் வந்துவிட்டது. போவதற்குள் உனக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். உள்ளே என்ன கேட்டாலும் அதே மூன்று பெயர்களைத்தான் சொல்வேன்.